முதலிற் பார்

1925இல் பெல்ஜியத்தில் அருட்தந்தை யோசப் கார்டைன் நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் இளைஞருக்குக் கற்பித்த முறை, 'பார், சீர்தூக்கு, செயற்படு' என்பது. இளைஞர் இதைப் பழகவேண்டுமெனத் திருத்தந்தை 23ஆம் யோவானும் 1961இல் தமது சுற்றுமடலில் எழுதினார்.

திருகோணமலையில் நமது இளைஞர் ஒன்றியங்கள் ஒளிவிழாவையும் கரப்பந்தாட்டத்தையும் நன்றாகவே நடத்துகின்றன. (அவையும் வேண்டியவைதாம்.) ஆனால், டைனமைட் வெடியில் முருகைக்கல்லும் மீன்குஞ்சும் சிதைவதை எந்தக் கூட்டத்தில் பேசுகிறோம்? கடலுக்குப் போகும் பையனின் உழைப்பில் படகுக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, அவன் கையில் எவ்வளவு? வெடி வைப்பவனும் ஞாயிறு பூசைக்கு வருபவனாயிருக்கலாம். அவனைப் பிரசங்கத்தில் ஏசுவதைவிட, அவனோடிருந்து இந்தக் கணக்கைப் பார்ப்பதே விசுவாசப் பயிற்சி என்போம்.

அடுத்த கூட்டத்தை விடியற்காலையில், மீன்வாடியிலே வைத்துப் பார்ப்போமா?