அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்!

தோழர்களே,

திங்கட்கிழமையிலிருந்து ஹெச்.ஆர். அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். செக்-இன் கவுண்டர், ராம்ப், கேபின் க்ரூ என்று எந்தப் பிரிவையும் விடவில்லை. மேசை மேல் ஒரு தாள் தயாராக இருக்கிறது. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று அவர்களே அடித்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும்தான் நம்முடையது. யோசிக்க ஒரு நாள் கேட்டால், அடுத்த வேலைக்குச் சான்றிதழ் கிடைக்காது என்று மிரட்டல்.

போடாதீர்கள். அந்தத் தாள் எதற்கு என்று கேளுங்கள். நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால், சட்டப்படி, ஓராண்டு பணி முடித்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. ‘நீங்கள் எக்ஸிக்யூட்டிவ், இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை’ என்று சிலரிடம் சொல்கிறார்களாம். பெட்டிக்கு டேக் ஒட்டுகிறவரை எக்ஸிக்யூட்டிவ் என்று அழைத்துவிட்டால் ஆயிற்றா? நீதிமன்றம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்கிற வேலையைத்தான் பார்க்கிறது.

நிர்வாகம் காட்டும் நஷ்டக் கணக்கு முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எரிபொருள் விலை ஏறுகிறது. விமானக் குத்தகையை டாலரில் கட்டுகிறார்கள். ஆனால் எண்ணெய் நிறுவனத்திடமோ விமானத்தைக் குத்தகைக்கு விட்டவரிடமோ ‘பாதிதான் தருவேன்’ என்று சொல்ல இவர்களால் முடியாது. அதனால்தான் நம்மிடம் வருகிறார்கள். கொரோனாவில் சம்பளத்தை வெட்டியபோது தற்காலிகம் என்றார்கள், பொறுத்தோம். ஓவர்டைம் போனது, ஷிஃப்ட் வண்டி போனது. ஐந்து பேர் பார்த்த விமானத்தை மூன்று பேர் பார்க்கிறோம். இப்போது அந்த மூவரிலும் ஒருவர் அதிகமாம்!

பொறுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2019இல் ஜெட் ஏர்வேஸில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. விமானிகள் சங்கம் வேலைநிறுத்தத்தை அறிவித்துத் தள்ளிவைத்தது, மறுபடியும் தள்ளிவைத்தது. ஏப்ரல் 17 அன்று கடைசி விமானம் தரையிறங்கியது. சம்பளப் பாக்கிக்காக ஊழியர்கள் வழக்காடினார்கள். 2024 நவம்பரில் நிறுவனத்தைக் கலைத்து விற்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஜெட்டில் 2008 அக்டோபரில் நடந்ததையும் மறக்க வேண்டாம். ஏறத்தாழ 1,900 பேரை நீக்குவதாக அறிவித்ததும் இளம் பெண்களும் பையன்களும் சீருடையோடு மும்பைத் தெருவுக்கு வந்தார்கள். நாடே பார்த்தது. அரசியல்வாதிகளும் புகுந்தார்கள், அது வேறு கதை. இரண்டே நாளில் அத்தனை பேரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக முதலாளி அறிவித்தார்.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் க்ரூ கூட்டாக உடல்நலக் குறைவு சொல்லி நின்றார்கள். சுமார் 25 பேருக்கு நீக்கக் கடிதம் போனது. டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்பு பேச்சு நடந்தது, நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் கூட்டாக லீவு போடும் வழி இனி ஆபத்து, தோழர்களே. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். வாட்ஸ்அப்பில் ‘நாளைக்கு யாரும் வராதீங்க’ என்று அனுப்பும் இளைஞர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். நிர்வாகம் எதிர்பார்த்திருப்பது அதைத்தான்.

நாம் செய்ய வேண்டியது முறையான தொழில் தகராறு. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் கீழ் வருவதால், நம் மனு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடியும்வரை தகராறுக்குரிய பணி நிலைமைகளை நிர்வாகம் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மனுவுக்குக் கீழே எத்தனை கையெழுத்து இருக்கிறது என்பதில்தான் பேச்சின் பலம் இருக்கிறது.

ஒப்பந்த லோடர்களை விட்டுவிட்டு இதைச் செய்ய நினைத்தால் தோற்போம். முதலில் வேலை போகிறவர்கள் அவர்கள். புஷ்பேக் முதல் டாய்லெட் வண்டிவரை அவர்கள் இல்லாமல் ஒரு விமானம் நகராது. ‘அவங்க நம்ம ரோல்ல இல்லையே’ என்று நம்மில் சிலர் சொல்வது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு, இரண்டு ஷிஃப்டும் சந்திக்கும் நேரத்தில், திரிசூலம் ரயில் நிலையத்துக்கு வெளியே கூடுகிறோம். பிரிவுக்கு ஒருவர் மனுத் தாளோடு நிற்பார். நியமனக் கடிதத்தின் நகலும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கொண்டு வாருங்கள். அதற்குள் ஹெச்.ஆர். கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். தாளை நீட்டினால் எழுத்துப்பூர்வமாகக் காரணம் கேளுங்கள், தேதியைக் குறித்துக்கொண்டு எழுந்து வாருங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் வாருங்கள். மிரட்டி வாங்கியது என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்கலாம். நாள் கடத்தக் கடத்த அதை நிரூபிப்பது கடினம்.