புது பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க

லீவுக்கு மங்களூர் வந்தா மூச்சு நல்லா இருக்கு, சென்னை திரும்பினா இழுக்குதுன்னு ஓபியில் ஒரு தம்பி சொன்னார். மருந்தை விட்டுட்டு வீட்டைப் பத்திக் கேட்டேன். திருவல்லிக்கேணியில், "புதுசா ரெனவேட் பண்ணின" ஃப்ளாட்.

ஏரியாவைக் குறை சொல்லலைங்க. பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய மசூதியும் நடக்கிற தூரம். எந்த ஊர்க்காரருக்கும் அங்கே ஒரு மெஸ் உண்டு. நானே சிபாரிசு பண்ணுவேன்.

ஆனா அங்கே பல கட்டடங்கள் பழசு, சுவரோடு சுவர் ஒட்டினது. ஓதம் ஏறின சுவரில் பெயின்ட் அடிச்சா ஈரம் போகாது, மறையும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் பூஞ்சை வெளியே வரும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு அதுவே இழுப்பைத் தூண்டும். இன்ஹேலரை நிறுத்தாதீங்க, கூடவே சுவரையும் பாருங்க.

வீட்டைப் பகல்ல போய்ப் பாருங்க. பாத்ரூமை ஒட்டின சுவரைத் தொட்டுப் பாருங்க. தரையோரம் பெயின்ட் உப்பியிருக்கா? அலமாரிக்குள் மக்கின வாசமா? ஜன்னலைத் திறந்தா எதிர்ச்சுவரா? (டைல்ஸ் பளபளப்பை விடுங்க, விருத்தாசலம் பீங்கான் பார்த்த ஆளுங்க நாம.) போன மழைக்கு ஒழுகுச்சான்னு பக்கத்து வீட்டில் கேளுங்க, புரோக்கர் சொல்லமாட்டார்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்க. 2019ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது கட்டாயம். கசிவைச் சரிசெய்வது யார் செலவுன்னு அதிலேயே எழுதச் சொல்லுங்க.