ஒரு நாள் பயணமும் ஒரு கேள்வியும்

விடுமுறை நாளின் காலை வேளையில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் மாணவர் குழுக்களைக் காணலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் உயர்கல்விக்கூடங்களில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களும் அவர்களுள் இருப்பர். சிலாங்கூர் கடற்கரையை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பது பல குழுக்களின் திட்டமாகும். காலையில் கிள்ளான், நண்பகலில் மோரிப் கடற்கரை, மாலையில் கோல சிலாங்கூர், இரவில் மின்மினிப் பூச்சிகள் எனப் பேருந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் நின்று, திறன்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இரவில் விடுதிக்குத் திரும்பும்போது படங்கள் நிறைய இருக்கும். ஆனால், பார்த்த இடங்களைப் பற்றி வீட்டாரிடம் சொல்ல இரண்டு செய்திகள்கூட இருக்கமாட்டா.

பயணத்தின் பயனை இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது சரியன்று. ஐந்து இடங்களை அவசரமாகப் பார்ப்பதைவிட, ஒரே வழியை நிதானமாகப் பார்ப்பது மேலானது. அதற்கு ஏற்ற வழி கேஎல் சென்ட்ரலிலிருந்தே தொடங்குகிறது.

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைக்கும் இரயில் சேவை 1886ஆம் ஆண்டில் தொடங்கியது. சுரங்கங்களில் தோண்டிய ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு செல்ல அது பயன்பட்டது. பின்னர்ப் பாதை கடல்வரை நீண்டது. 1901இல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று அழைக்கப்பட்ட அது, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்த இரயில்வேயில் உழைத்த தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். இன்றைய கேஎல் சென்ட்ரல், அன்று இரயில் பெட்டிகள் நிறுத்தப்பட்ட நிலத்தில் எழுந்ததாகும்.

துறைமுகம் திறந்த சில மாதங்களிலேயே அங்கு மலேரியாக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் இந்தியாவின் செகந்திராபாத் நகரில் 1897இல்தான் கண்டறிந்திருந்தார். கிள்ளானில் மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன் அந்த அறிவைச் செயலில் காட்டினார். சதுப்பு நிலத்தின் நீரை வடித்து, புதர்களை அகற்றியதால் நோய் தணிந்தது. அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் அந்தத் துறைமுகத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. பேருந்தின் சன்னல் வழியே பார்ப்பவருக்கு இது தெரியாது.

மலேசியத் தமிழர் பலருடைய குடும்பக் கதையிலும் இத்துறைமுகத்திற்கு இடமுண்டு. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பினாங்கிலும் இங்கும் இறங்கினர். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா என்ற கப்பல், 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களையும் மலாயாத் துறைமுகங்களையும் இணைத்தது. அதில் பயணம் செய்த தாத்தா பாட்டிமார் இன்று சிலரே உள்ளனர்.

ஒரு வெளிநாட்டு மாணவர், தம்முடன் பயிலும் உள்ளூர் மாணவரிடம், "உங்கள் முன்னோர் எங்கே வந்து இறங்கினார்கள்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? துறைமுகம் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. இருப்பினும், அங்கே ஒருமுறையும் சென்றிராத மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, இத்தகைய பயணங்களில் வெளிநாட்டு மாணவர்களும் உள்ளூர் மாணவர்களும் இணைந்து செல்ல வேண்டும். விருந்தினர் கேள்வி கேட்பார்; விடை சொல்வதற்காக வீட்டுக்காரர் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். இதனால் இருவருமே பயன் பெறுவர்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறினால் கெத்தாம் தீவை அடையலாம். 'கெத்தாம்' என்ற மலாய்ச் சொல்லுக்கு நண்டு என்பது பொருள். சதுப்புநிலக் காடுகள் சூழ்ந்த அத்தீவில், சீன மீனவர்கள் சேற்றின்மேல் கால்கள் நட்டு வீடுகளைக் கட்டியுள்ளனர். கடல்நீர் ஏறும்போது வீட்டின் அடியில் நீர் நிற்கும். இறங்கும்போது சேறு தெரியும். ஓரிரு மணி நேரம் காத்திருப்பவருக்கே இம்மாற்றம் புலப்படும். படம் எடுத்தவுடன் புறப்படுபவருக்குப் புலப்படாது.

மாணவர்கள் ஆண்டு முழுவதும் பாடத்திலும் தேர்விலும் மூழ்கியிருக்கிறார்கள். பயணத்திலாவது அவர்களை விட்டுவிடலாமே என்று சிலர் கூறுவர். அக்கருத்தில் நியாயம் உண்டு. பயணத்தை இன்னொரு வகுப்பறையாக மாற்றக்கூடாது. பயிற்றித் தாள்களும் அறிக்கைகளும் மகிழ்ச்சியைக் கெடுத்துவிடும். ஆனால், அறிந்து பார்ப்பதால் மகிழ்ச்சி குறைவதில்லை. கதை தெரிந்த இடத்தில் நிற்கும்போது ஆர்வம் பெருகவே செய்யும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வியுடன் புறப்பட்டால் போதும்.

மேலும், கடற்கரை ஊர்கள் காட்சிப் பொருள்கள் அல்ல. அங்கே மக்கள் வாழ்கிறார்கள். அனுமதி கேட்டுப் படம் எடுப்பதும், குப்பையைத் தம்முடன் திரும்பக் கொண்டு வருவதும், படகில் பாதுகாப்பு அங்கி அணிவதும் பயணிகளின் கடமையாகும். கோல சிலாங்கூரின் மின்மினிப் பூச்சிகள் ஆற்றோர பெரெம்பாங் மரங்களை நம்பி வாழ்கின்றன. மரங்கள் அழிந்தாலும் செயற்கை ஒளி மிகுந்தாலும் அவை குறைந்துவிடும். அவற்றின்மீது விளக்கொளியைப் பாய்ச்சுவது, பார்க்க வந்ததையே கெடுப்பதாகும்.

வெளிநாட்டு மாணவர் படிப்பு முடிந்து ஒரு நாள் தம் நாட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் இரட்டைக் கோபுரத்தின் படத்தை மட்டும் கொண்டு போவதா, இந்நாட்டு மக்களின் கதையையும் கொண்டு போவதா என்பது, உடன் செல்லும் உள்ளூர் மாணவர்களின் கையில்தான் உள்ளது. கப்பலில் வந்த பெரியவர்கள் இருக்கும்போதே அக்கதையைக் கேட்டு வைப்பது, அந்த ஒரு நாள் பயணத்திற்குரிய முதல் ஆயத்தமாகும்.