சாவியை மாட்டும் விரல்

வாசலில் "பார்ஸல்!" என்று குரல் கேட்டதும் வீட்டில் உண்டாகும் பரபரப்பை நேயர்கள் நன்கு அறிவார்கள். குழந்தைகள் முந்திக்கொண்டு ஓடும். கத்தரிக்கோலைத் தேடிப் பெரியவர்கள் அலமாரியைக் குடைவார்கள். எல்லோருடைய கண்ணும் கட்டின் மேலேயே இருக்குமேயன்றி, அதைக் கொண்டுவந்தவர் எத்தனை வேகமாக நடந்தார், எந்தக் கையால் வண்டியைக் கிளப்பினார் என்று யாராவது கவனிப்பதுண்டா? அவ்விதம் கவனிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்த கம்பெனி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. யுனைடெட் பார்ஸல் ஸர்வீஸ் என்பது அதன் பெயர். அந்த ஸ்தாபனத்தில் வழங்கும் சில விநோதமான வழக்கங்களை இந்த வாரம் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

1907-ஆம் வருஷத்தில் ஸியாட்டில் நகரில், ஜேம்ஸ் கேஸி என்னும் பத்தொன்பது வயது இளைஞர், கிளாட் ரயான் என்ற நண்பருடன் சேர்ந்து 100 டாலர் கடன் வாங்கி இத்தொழிலை ஆரம்பித்தார். ஒரு நிலவறைதான் ஆபீஸ். கால்நடையாகவும் சைக்கிளிலும் சென்று, பிறருடைய கடிதங்களையும் சாமான்களையும் கொண்டுபோய்க் கொடுப்பதே வேலை. கேஸி பதினொரு வயதிலேயே குடும்பத்தைக் காப்பாற்ற வேலைக்குப் போனவர். ஆகவே, வீடு வீடாக நடப்பவனுடைய கால்வலி அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

கம்பெனியின் வண்டிகளெல்லாம் ஒரே விதமான கரும்பழுப்பு நிறம். சிப்பந்திகளின் உடுப்பும் அப்படியே. இந்த நிறம் வந்த கதை ஒன்று உண்டு. முதலில் கேஸி மஞ்சள் வர்ணம் பூசலாம் என்று ஆசைப்பட்டாராம். 1916-இல் கூட்டாளியாக வந்து சேர்ந்த சார்லி ஸோடர்ஸ்ட்ராம் என்பவர், "மஞ்சள் வண்டியை யார் தினந்தோறும் துடைத்துக் கொண்டிருப்பது?" என்ற கருத்தில் ஆட்சேபித்தார். அக்காலத்தில் செல்வந்தர்கள் பிரயாணம் செய்த புல்மன் ரயில் வண்டிகளின் பழுப்பு நிறத்தை அவர் சிபாரிசு செய்தார். அழுக்கும் தெரியாது, கௌரவமாகவும் இருக்கும்! ஒரே நிறத்தினால் இரண்டு காரியம் முடிந்தது. 1919-இல் கம்பெனி காலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்டு நகருக்குப் பரவியபோது இன்றுள்ள பெயர் வந்தது.

இனி, உள்ளே வழங்கும் விதிகளைப் பார்ப்போம். டிரைவர்களுக்கு 340 முறைகள் போதிக்கப்படுகின்றன என்பது அக்கம்பெனியைப் பற்றிய பிரசித்தமான செய்தி. வண்டியை விட்டு இறங்கும்போது சாவியைச் சட்டைப் பைக்குள் போடக் கூடாது. வளையத்தை விரலில் மாட்டிக் கொள்ள வேண்டும். பைக்குள் துழாவும் நேரம் அதனால் மிச்சம். மறுபடி ஏறி உட்கார்ந்ததும், ஒரு கையால் எஞ்சினைக் கிளப்பும்போதே மற்றக் கையால் பாதுகாப்பு வாரைப் பூட்ட வேண்டும். 1980-களில் வெளிவந்த ஒரு பத்திரிகை வர்ணனைப்படி, வாசற்கதவை நோக்கி விநாடிக்கு மூன்று அடி வீதம் நடக்க வேண்டும். மணியின் பொத்தான் எங்கே என்று தேடாமல் கதவைத் தட்டிவிட வேண்டும்!

இவ்வளவு கணக்கும் எதற்காக? ஒவ்வொரு டிரைவரும் தினம் ஒரு நிமிஷம் மிச்சப்படுத்தினால், வருஷத்துக்கு 1 கோடியே 45 லட்சம் டாலர் மிஞ்சும் என்று கம்பெனி அதிகாரி ஒருவர் 2014-இல் கூறினார். சிறு துளி பெரு வெள்ளம் என்று நம் பாட்டிமார் சொன்னதை அவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிரூபித்து விட்டார்கள்.

வண்டிகள் கூடியவரையில் இடப்பக்கம் திரும்பாமல் போவது இன்னொரு விசித்திரம். அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறமாகச் செல்வதால், இடப்பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். நம் நாட்டில் வலப்பக்கம் திரும்புவதிலுள்ள சங்கடமே அங்கே இடப்பக்கம் திரும்புவதில். எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு காத்திருந்தால் எண்ணெய் வீண், அவசரப்பட்டால் அபாயம். ஆகையால் வலப்பக்கமாகவே சுற்றிச் செல்லும்படி வழியை வகுக்கிறார்கள். சுற்றுவழி சில சமயம் குறுக்கு வழியைவிடச் சிக்கனம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மெரிலாந்து மாகாணத்தில் 2007-இல் ஏற்பட்ட பயிற்சிக் கூடத்தில், வழுக்கி விழக் கற்றுக் கொடுக்கும் யந்திரம் ஒன்று வைத்தார்கள். வழுக்கும் தரையின் மேல், இடுப்பில் கயிறு பூட்டிய மாணாக்கர் நடந்து பழக வேண்டும். மழையிலும் பனியிலும் கட்டுகளைச் சுமந்து படியேறுகிறவருக்கு இதைவிட உபயோகமான பாடம் வேறில்லை. இருபத்தைந்து வருஷம் தவிர்க்கக்கூடிய விபத்து ஒன்றுமின்றி வண்டியோட்டியவர்களைக் கம்பெனி ஒரு கௌரவ வரிசையில் சேர்த்துக் கொள்கிறது. அவர்களுக்குச் சின்னமும் மேற்சட்டையும் பரிசு. பரிசு சிறிதுதான், ஆனால் இருபத்தைந்து வருஷம் தெருவில் ஒருவருக்கும் தீங்கு செய்யாதிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை சிறிதல்லவே!

விதி நல்லதுதான். ஆனால் விதி செய்பவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அதைக் கட்டியிருக்கும் மனிதனை மறந்து விடுவதும் உண்டு. ஜனங்களோடு பழகும் உத்தியோகங்களில் தாடி வைத்தவர்களுக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. தாடியை மதக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்கள் முதலியோர் இதனால் வேலை இழந்ததாகவும், உயர்வு பெறாததாகவும் கூறி, அமெரிக்க சர்க்காரின் சம வேலை வாய்ப்புக் கமிஷன் 2015-இல் வழக்குத் தொடுத்தது. 2018-இல் 49 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி சமாதானம் செய்துகொண்டது. 2020-இல் தடையே நீங்கியது. தாடியினால் ஒரு பார்ஸலும் தாமதமானதாகத் தெரியவில்லை.

1997 ஆகஸ்டு மாதத்தில் 1,85,000 தொழிலாளர்கள் 15 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். டீம்ஸ்டர்ஸ் என்பது அவர்களுடைய சங்கம். சிப்பந்திகளில் பாதிக்கு மேற்பட்டவர் அரைநேர வேலைக்காரர்களாகவே வைக்கப்பட்டிருந்தது முக்கியக் குறை. முடிவில், 10,000 முழுநேர வேலைகளை ஏற்படுத்தக் கம்பெனி சம்மதித்தது.

அதைவிட மனத்தைத் தொடுவது வெயிலின் கதை. அந்தப் பழுப்பு வண்டியின் பின்புறம் இரும்புப் பெட்டி போன்றது. கோடையில் அதனுள் புகுந்து கட்டுகளைத் தேடி எடுப்பது சூளைக்குள் கை விடுவது போலத்தான். விநாடிக்கு எத்தனை அடி நடப்பது என்று கணக்கிட்டவர்கள், அந்தச் சூட்டுக்குப் பரிகாரம் தேட எத்தனை காலம் எடுத்துக் கொண்டார்கள்! 2023-இல் சங்கம் மறுபடியும் வேலை நிறுத்தத்துக்கு ஆயத்தமானபோதுதான் உடன்பாடு ஏற்பட்டது. 2024 ஜனவரி முதல் வாங்கும் பார்ஸல் வண்டிகளில் குளிர்சாதனம் வைப்பது, பழைய வண்டிகளுக்கு மின்விசிறி அளிப்பது என்று அதில் எழுதப்பட்டது. அங்கத்தினர்கள் ஆகஸ்டு மாதத்தில் பெருவாரியாக வாக்களித்து அதை ஏற்றார்கள்.

சாவி எந்த விரலில் இருக்க வேண்டும் என்று யோசித்தது புத்திசாலித்தனம். அந்த விரலுக்குரியவருக்கு வியர்க்கிறதா என்று கேட்பது அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. அடுத்த தடவை நம் வாசலில் யாராவது கட்டைக் கொண்டுவந்து நீட்டினால், கத்தரிக்கோலைத் தேடுமுன் ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்போம். அதற்கு அரை நிமிஷம் செலவாகும், ஆகட்டுமே!