பேயத்தேவரும் பென்னாகரத்துத் தாத்தாக்களும்

நாவல் படித்துவிட்டு அழுவதெல்லாம் வேலையில்லாதவன் செய்கிற வேலை என்று சொல்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. பரீட்சைக்கு உதவாத புத்தகத்தை எதற்குப் படிக்கணும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் வேண்டுமென்றால் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-ம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல் இது.

கதை என்று பார்த்தால் சின்னதுதான். மழையை நம்பிப் பிழைக்கிற வறண்ட ஊர். பேயத்தேவர் என்ற வயசான விவசாயி. மகன் சரியில்லை. மகள் வாழ்க்கை நேராக அமையவில்லை. பேரன் மொக்கராசு தாத்தா நிழலில் வளர்கிறான். அடிமேல் அடி... ஆனால் விழுந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் எழுந்து மண்வெட்டியைத்தான் தேடுகிறார். கடைசியில் வைகை அணை வருகிறது. ஊர் தண்ணீருக்குள் போகிறது.

பாசத்தை வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை பேயத்தேவர். அவர் பாசமெல்லாம் கையில்தான் இருக்கிறது. தாத்தாவும் பேரனும் சேர்ந்து கிணறு வெட்டும் பகுதியைப் படித்தவர்களுக்கு இது புரியும். பாறை, வெயில், வியர்வை, அதற்குள் ஒரு கிழவனும் ஒரு பையனும். டயலாக் பேசிப் புரியவைக்க வேண்டிய அவசியமே இல்லை. சினிமாவில் அம்மா சென்டிமென்ட் பாட்டு போட்டும் வராத கண்ணீர், இங்கே ஒரு குழி வெட்டுவதைப் படிக்கும்போது வந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. கவிஞர் அடிக்கடி உரைநடைக்குள் எட்டிப் பார்க்கிறார். சோகம் சில இடங்களில் கொஞ்சம் தூக்கல். "எல்லாம் தண்ணீரில் போய், பேயத்தேவரும் போய்விடுகிறார். இதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. முடிவு சுபமாக இருந்தால்தான் நம்பிக்கை தரும் கதை என்று யார் சொன்னது? நாளைக்கு எதுவும் மிஞ்சாது என்று தெரியாமல் அல்ல, தெரிந்தும் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதுதான் தைரியம். அந்த தைரியம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

சரி, தேனிப் பக்கத்துக் கதை பென்னாகரத்துக்காரர்களை ஏன் தொட வேண்டும்?

வைரமுத்து பிறந்த ஊரின் பெயர் மேட்டூர். தேனிப் பக்கத்து மேட்டூர். வைகை அணைக்காக 1950-களில் அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்து வடுகபட்டிக்குப் போனது. பென்னாகரத்துக்குப் பக்கத்திலும் ஒரு மேட்டூர் இருக்கிறது. அங்கே 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடித்த அணையும் ஊர்களை விழுங்கித்தான் நிறைந்தது. பென்னாகரம் தாலுகாவின் நாகமரை அந்த நீர்த்தேக்கத்தின் கரையில்தான் இருக்கிறது. எதிர்க்கரையில் பண்ணவாடி. தண்ணீர் நன்றாக வற்றும் வருஷங்களில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், ஒரு சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் போய் செல்போனில் படம் பிடித்துவிட்டு வருவார்கள். அந்த நந்தியைச் சுற்றி வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, எத்தனையோ பேயத்தேவர்கள் இருந்தார்கள் என்று யோசிப்பவர்கள் எத்தனை பேர்?

காமர்ஸ் படிப்பவர்கள் இதைக் கணக்காகவும் பார்க்கலாம். நஷ்டஈடு கொடுக்கும்போது நிலத்துக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை போடலாம். தாத்தாவும் பேரனும் கூலி வாங்காமல் வெட்டிய கிணற்றுக்கு என்ன விலை போடுவது? எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. கணக்கில் விட்டுப்போன அந்த வரியை எழுதி வைப்பதுதான் நாவலின் வேலை. பரீட்சைக்கு உதவாத புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

எழுதி வைப்பதற்கு காலமும் காத்துக்கொண்டிருக்காது. 1934-ல் பத்து வயசாக இருந்தவர் இன்று இருந்தால் தொண்ணூறைத் தாண்டி நூறும் ஆகியிருக்கும். பழைய ஊரைக் கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அவர்கள் மடியில் உட்கார்ந்து கதை கேட்ட தலைமுறைக்கும் இப்போது வயசாகிவிட்டது. அவர்களும் போய்விட்டால், நந்தி வெறும் கல்தான்.

அணையை விடுங்கள். இன்றைக்கும் பென்னாகரம் சுற்றுவட்டாரத்தில் அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் மொக்கராசுகள் நிறைய. அந்தப் பாட்டிகளும் பாசம் என்ற வார்த்தையை உச்சரிப்பதில்லை. விடியற்காலையில் எழுந்து களி கிண்டி வைத்துவிட்டு, பையன் பஸ் ஏறும்வரை ரோட்டைப் பார்த்து நிற்கிறார்கள். அவ்வளவுதான். படித்து முடித்து வெளியூர் காலேஜுக்குப் போன பிறகு, போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும் அதே பாட்டிக்கு "ம்" என்று ஒரு எழுத்தில் பதில் சொல்லிவிட்டு, நாவலில் வரும் தாத்தாவுக்காக அழுவது என்ன நியாயம்?

ஒரு நல்ல நாவல் அழவைப்பதோடு நிற்காது, வீட்டுப் பக்கம் திருப்பி விடும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தாத்தா, உங்க அப்பா எந்த ஊரு?"

பதில் சீக்கிரம் முடியாது. செல்போனை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்.