பெருமாள்மலையில் எதை வைத்துப் பேரம்?

வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸையும் தினசரி வரம்பையும் தூக்கிவிட்டுக் கொடைக்கானலைப் பல்முகவர் அமைப்பிடம் ஒப்படைக்கச் சொல்கிறார் நண்பர். காருக்கு ஒரு மென்பொருள் ஏஜென்ட், விடுதிக்கு ஒன்று, பார்க்கிங்குக்கு ஒன்று. 2024 மே 7 முதல் சேர்ந்திருக்கும் இ-பாஸ் தரவைத் தோண்டிக் கற்று, தங்களுக்குள் பேரம் பேசி நெரிசலைத் தீர்த்துவிடுமாம். இவர் எந்த வழியாக மலையேறினாரோ!

வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் பெருமாள்மலையில் கூடி, ஒரே சாலையாகத்தான் ஊருக்குள் போகின்றன. மாற்று வழி இல்லாத இடத்தில் எதை வைத்துப் பேரம்? பிட்ஸ்பர்க்கில் 2012இல் சர்ட்ராக் என்ற சிக்னல் அமைப்பு பயண நேரத்தைக் கால்பங்கு குறைத்தது என்கிறார். குறைத்தது, ஒன்பது சந்திப்புகளில், சிக்னல் நேரத்தை மாற்றி. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு எதிரே ஒருவர் செல்ஃபிக்காகக் காரை வளைவிலேயே நிறுத்த, எதிரே பஸ் வந்து, இரண்டும் நகர முடியாமல் நிற்கும்போது எந்த சிக்னலை மாற்றுவார்? கண்டக்டர் இறங்கி, “சார், ரிவர்ஸ் எடுங்க!” என்று கத்துவதுதான் அங்கே இன்றுவரை வேலை செய்யும் அல்காரிதம்.

அந்த இ-பாஸ் தரவின் லட்சணத்தையும் பார்ப்போம். இரண்டு நாள் தங்குவேன் என்று எழுதியவர் மாலையே இறங்கினாரா, நாலு நாள் இருந்தாரா என்பது படிவத்துக்குத் தெரியாது. அரசுப் பஸ்ஸில் வருகிறவர் கணக்கிலேயே இல்லை. ஏரியில் கலக்கும் கழிவுக்கும் கோடையில் வறளும் குழாய்க்கும் அதில் கட்டம் கிடையாது. கூட்டம் எப்போது வரும் என்று இயந்திரம் இதிலிருந்து கற்கலாம். மலை எவ்வளவு தாங்கும் என்று கற்க ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் சென்னை உயர் நீதிமன்றம் ஐஐடி, ஐஐஎம் ஆய்வைக் கேட்டது. இடைக்கால ஏற்பாடாக, 2025 ஏப்ரல் 1 முதல் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தது.

விடுதி ஏஜென்ட்டுக்கு என்ன இலக்கு கொடுப்பார் என்பதைப் பற்றி நண்பர் மூச்சே விடவில்லை. அறை நிரம்ப வேண்டும் என்பதுதானே? அறையை நிரப்பும் ஏஜென்ட்டும் பார்க்கிங்கை நிரப்பும் ஏஜென்ட்டும் உட்கார்ந்து பேசினால் உடன்பாடு அரை நொடியில் வந்துவிடும்: இன்னும் ஆயிரம் கார் விடலாம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்பவர்கள் சார்பில் பேச எந்த ஏஜென்ட்டை அனுப்பப் போகிறார்?

அனுமதித்த வண்டிகளைக் காலை, மதியம் என்று பிரித்து விட இந்த நுட்பம் தாராளமாக உதவும். ஆனால் 4,000 இடத்துக்கு 7,000 பேர் கேட்டால்தான் பேரம் என்ற பேச்சே எழும். அந்த 4,000ஐத்தான் அவர் முதலில் எடுக்கச் சொல்கிறார்.