"தலைவலி" என்று மட்டும் சொன்னார்கள்



சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் சகோதரி ஒருவர், தமிழகத்திலுள்ள தம் தம்பிக்காகச் செபிக்குமாறு கேட்டார். என்ன நோய் என்று வினவினேன். "தீராத தலைவலி, ஃபாதர்" என்றார். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்தே முழு உண்மையையும் சொன்னார். பெயரின்றி எழுத இசைவும் தந்தார். தம்பிக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஏ.ஆர்.டி. மையத்து வரிசையில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி, மாத்திரையை நிறுத்தியிருந்தார். அவருடைய உயிரைப் பறித்தது ஒரு பூஞ்சை.

கிரிப்டோகாக்கஸ் என்பது அதன் பெயர். மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழ்வது. நம்மில் பலர் அறியாமலே அதைச் சுவாசித்திருப்போம். உடலின் எதிர்ப்பாற்றல் வலுவாக இருக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் நேராது. (அதன் நெருங்கிய இனம் ஒன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990இல் இந்நாட்டு யூகலிப்டஸ் மரங்களில் கண்டறிந்தனர். ஊர் நோய் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.) எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் 100க்கும் கீழே இறங்கியவரிடம் அது மூளையுறையைத் தாக்குகிறது. முதலில் தலைவலி, இலேசான காய்ச்சல். பின்னர் வாந்தி, பார்வை மங்கல், மனக்குழப்பம்.

என் மனம் ஆறாத இடம் இதுதான்: தலைவலி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே இதன் அடையாளம் இரத்தத்தில் தெரிந்துவிடும். ஒரு துளி இரத்தமும் ஒரு சிறு பட்டையும் போதும். ஆனால் எச்.ஐ.வி. உண்டு என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தானே அவர் அதைத் தேடுவார்? மறைத்தால், சைனஸ் மாத்திரை எழுதித் தருவார். முதுகுத்தண்டு நீரை எடுக்க வேண்டும் என்றபோது அக்குடும்பம் கால் விளங்காமல் போய்விடும் என அஞ்சி இரண்டு நாள் தயங்கியது. அந்த நீரை வெளியேற்றுவதே தலைக்குள் ஏறிய அழுத்தத்தைத் தணிக்கும் வழி. 2022 முதல் உலக சுகாதார நிறுவனம், ஒரே முறை செலுத்தும் ஆம்ஃபோடெரிசின் மருந்தோடு ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகளைப் பரிந்துரைக்கிறது. இவற்றுள் ஃப்ளூசைட்டோசின் பழைய மருந்தே. ஆயினும் ஏழை நாடுகள் பலவற்றில் எளிதில் கிடைப்பதில்லை. இது வெட்கக்கேடு.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் நம் சென்னையில்தான் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தனர். அரசு 2004 முதல் மருந்தை இலவசமாக வழங்குகிறது. மருந்து வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அதை வாங்க வரிசையில் நிற்க ஒருவர் அஞ்சுகிறார் என்றால், அந்த அச்சத்தை ஊட்டியவர்களுள் பிரசங்க மேடையில் நின்ற நாங்களும் உண்டு. இந்நோயைப் பாவத்தின் கூலி என்று பேசிய குருக்களை நான் கேட்டிருக்கிறேன். கேட்டும் வாய் திறவாமல் இருந்திருக்கிறேன். அக்காலத்திலேயே, 1984இல், சிட்னியின் கத்தோலிக்க மருத்துவமனையான புனித வின்சென்ட் இந்நோயாளருக்கென்று தனி வார்டு திறந்தது.

நம்மில் பலர் நிரந்தர விசாவுக்காக ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்தோம். "தேறிவிட்டோம்" என்று அத்தோடு மறந்தோம். அது அந்த நாளுக்குரிய முடிவு மட்டுமே. உங்கள் குடும்ப மருத்துவரிடம் மீண்டும் கேளுங்கள். ஊரில் இத்தொற்றோடு வாழும் உறவினர் இருந்தால், பணம் அனுப்பும்போதே, மாத்திரை தவறவில்லையா, சி.டி.4 எவ்வளவு, கிரிப்டோகாக்கஸ் சோதனை நடந்ததா என்றும் விசாரியுங்கள்.

என்னிடம் பேச விரும்புவோர் பங்கு அலுவலகத்திற்கு வர வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்குமேல் என் கைப்பேசிக்கு அழையுங்கள்; பெயர் கேட்க மாட்டேன்.